பதினேழாம் எண் வீட்டின் கையொப்பம்

போன வாரம் இராசேஸ்வரியைக் கையில் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துவிட்டு நாம் நம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டா இருப்பாள்? அடுப்பில் சோறு குழைகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அன்றைக்கே எழுந்துவிட்டாள். சோறு குழையவில்லை. அவளும் கையெழுத்துப் போடவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

சுபாங் ஜெயாவில் அந்தத் தெருவுக்கு எதிரே பாடாங், பெரிய விளையாட்டுத் திடல். அதனால் வீடுகள் ஒரே பக்கம்தான், எண்கள் எல்லாம் ஒற்றைப்படை. பதினைந்தாம் எண்ணில் யோகநாதனும் அவர் மனைவி இராசேஸ்வரியும். ஒட்டினாற்போல் பதினேழாம் எண்ணில், மூளை வளர்ச்சி குறைந்த நான்கு பெண்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள மார்க்கிரட். ஆறு மாதத்துக்கு முன் ஒரு தொண்டுச் சங்கம் வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்களைக் குடிவைத்தது. பெரிய விடுதியில் வரிசைக் கட்டிலில் கிடப்பதைவிட நாலு பேர் ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வந்தால் நல்லது என்பது அவர்கள் எண்ணம்.

தெருவுக்கு அந்த எண்ணம் பிடிக்கவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் சோமசுந்தரத்துக்கு, வீட்டு விலை விழுந்துவிடும் என்று பயம். முனிசிபலுக்கு ஒரு புகார் மனு எழுதச் சொன்னார். எழுதியவர் யார் தெரியுமோ? சங்கச் செயலாளரான நம் யோகநாதனேதான். முப்பத்துமூன்று வருடம் அரசாங்க உத்தியோகம், சீஃப் கிளார்க்காக ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதில் இராசேஸ்வரிக்கு என்ன வந்தது? கிள்ளானில் அண்ணன் கனகலிங்கத்தின் வீட்டுப் பின்னறையில் அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் பூரணம். வயது நாற்பத்துமூன்று, புத்தி ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளது. இராசேஸ்வரியின் கல்யாணப் பேச்சு வந்தபோது அந்த அறையைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான். இப்படி ஒரு தங்கை இருப்பது தன் புருஷனுக்குத் தெரியாது என்று இருபத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பதினேழாம் எண் வீட்டில் ஐந்தாவது கட்டில் காலியாக இருக்கிறது. மார்க்கிரட் வேலி ஓரம் நின்று, "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள தங்கச்சியக் கொண்டாந்துடுங்க. இல்லாட்டி ஆபீஸ்ல லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்க லா" என்று சொல்லிச் சேர்க்கைப் பாரத்தையும் கொடுத்திருந்தாள். அதில்தான் போன வாரம் இராசேஸ்வரி கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்று மாலை நாலு மணிக்குத்தான் புகாரை விசாரிக்க முனிசிபல் அதிகாரியும் வருகிறார். ஒரே நாளில் இரண்டும் வந்து விழுந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

*

காலை ஒன்பது மணிக்கு யோகநாதன் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். அதிகாரி வருகிறார் அல்லவா? போகும்போது மேசைமேல் இருந்த கோப்பைத் தட்டிக் காட்டி, பதினெட்டு வீடும் கையெழுத்துப் போட்டாயிற்று, நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் அத்தனை திருப்தி.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு யாராவது என்றால் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார்கள். யோகநாதன் அப்படிச் செய்வாரா? அலுவலகத்தில் சுற்றறிக்கை எப்படிப் போகுமோ அப்படித்தான் போகவேண்டும் என்று ஒரு கோப்புத் தயார் செய்தார். உள்ளே மனு. மேலே ஒரு தாள். அதில் வீட்டு எண்கள் வரிசையாக. எதிரே பெயர், கையொப்பம், கிடைத்த நாளும் நேரமும், அனுப்பிய நாளும் நேரமும் என்று கட்டங்கள். படித்துக் கையெழுத்திட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பவும் என்று அடியில் ஒரு குறிப்பு. தன் வீட்டுக் கட்டத்தை முதலிலேயே நிரப்பிவிட்டு, ஒன்றாம் எண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு வாரம் சுற்றி, நேற்று மாலைதான் கோப்புத் திரும்பி வந்தது.

இராசேஸ்வரி கோப்பைத் திறந்தாள். யார் யார் போட்டிருக்கிறார்கள் பார்ப்போம், ஒருவராவது மாட்டேன் என்றிருக்க மாட்டாரா என்று ஒரு நப்பாசை. விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பதினேழில் விரல் நின்றது.

பதினேழாம் எண்ணுக்கு எதிரே நான்கு கையெழுத்துகள் இருந்தன.

லெட்சுமி என்று கொட்டை எழுத்தில் ஒன்று. வள்ளியம்மா என்று, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே ஓடிப்போய் ஒன்று. ஸ்யூ லான் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் ரூல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். நான்காவது இராஜம்மா. கிடைத்தது மூன்றாம் தேதி, மாலை ஐந்து நாற்பது. அனுப்பியது அதே நாள், ஆறு ஐந்து.

இராசேஸ்வரி மறுபடி ஒருமுறை படித்தாள். அடுத்த நிமிடமே சிரிப்பு வந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. தெருவில் உள்ள வீடுகளைப் பட்டியல் போடு என்றால் யோகநாதன் முழுப் பட்டியலும் போடுவார். ஓர் எண்ணை விட்டுவிட்டு அடுத்ததை எழுத அவர் கைக்கு வராது. பதின்மூன்றாம் எண் நாராயணன், பதினைந்தில் ஏற்கெனவே கையெழுத்து இருக்கிறதே என்று அதைத் தாண்டிப் பதினேழின் வாசலில் கோப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு மார்க்கிரட் பிரிக்பீல்ட்சில் தாயைப் பார்க்கப் போயிருந்தாள். இந்த நான்கு பேரும் சுங்கை வேயில் திருகாணி பொட்டலம் கட்டும் பட்டறைக்குப் போகிறவர்கள். அங்கே தினமும் வரும்போதும் போகும்போதும் பெயரும் நேரமும் எழுத வேண்டும். கட்டம் போட்ட தாளைக் கண்டால் விடுவார்களா?

தங்களைத் தெருவைவிட்டுத் துரத்தச் சொல்லும் மனுவில், அதுவும் ரூல் வைத்துக் கோடு போட்டு, அவர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சிரிப்பு நின்றதும் பயம் வந்தது. புருஷனிடம் சொன்னால் என்ன ஆகும்? புதுத் தாள் எடுத்து, பதினேழை நீக்கி, நாலு மணிக்குள் மறுபடி தயார் செய்துவிடுவார். வீடு போய்விடும், பூரணத்தின் கட்டிலும் போய்விடும். சொல்லாமல் விட்டால் அதிகாரி முன்னால் அவர் மானம் போகும். முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு கோப்பில்கூடப் பிழை விடாதவர் என்று பெயர் எடுத்த மனுஷன்.

கோப்பை மூடினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு டாக்சி பிடித்தாள். முதலில் தங்கையைக் கூட்டி வருவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றாயிற்று.

*

கிள்ளான் வீட்டில் அண்ணி சிவகாமி பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு இதில் சம்மதம் இல்லை. மகளுக்குக் கல்யாணப் பேச்சுக்கால் நடக்கிறது, இந்த நேரத்தில் பூரணத்தை நாலு பேர் காண வெளியே கொண்டுபோனால் சம்பந்தம் முறிந்துவிடும் என்பது அவர் கட்சி. இராசேஸ்வரியின் கல்யாணத்துக்கு அப்பா சொன்னதைத்தான் இவர் தன் மகளுக்காகச் சொல்கிறார், ஒரு சொல்லும் மாறவில்லை.

"நீர் கூட்டிக்கொண்டு போம். அவர் வந்தால் நான் பார்த்துக்கொள்ளுறன்," என்றாள் சிவகாமி. பிறகு பூரணத்தின் தலையைக் கோதிவிட்டு, அழுகை வருமுன் உள்ளே போய்விட்டாள். இருபது வருடமாகக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்தவள் அவள்தானே.

பூரணத்துக்கு அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. டாக்சியில் ஏறியதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஃபெடரல் ஹைவேயில் எதிரே வந்த லோரிக்கெல்லாம் கை காட்டினாள். பாதி லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பத்து தீகா டோலில் சில்லறையைத் தானே கொடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கொடுத்துவிட்டு, டோல்காரப் பெண்ணுக்கு நன்றியும் சொன்னாள். டாக்சி ஓட்டிய கன்னையா, இந்த அக்கா பக்கத்தில் இருந்தால் கோலாலம்பூர் வரைக்கும் தூக்கமே வராது என்று சிரித்தார். ரோட்டைப் பார்த்து இத்தனை சந்தோஷப்படுகிற ஒருத்தியை இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தோமே என்று இராசேஸ்வரிக்குத் தன்மீதே கோபம் வந்தது.

மூன்று மணிக்குப் பின்சந்து வழியாகப் பதினேழாம் எண்ணுக்குள் நுழைந்தார்கள். முன்பக்கம் போனால் புருஷன் கண்ணில் படவேண்டுமே. பட்டறையிலிருந்து வந்திருந்த நால்வரும் பூரணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். லெட்சுமி கட்டிலைக் காட்டினாள், ஸ்யூ லான் மைலோ கலக்கிக் கொடுத்தாள். கோப்பைப் பற்றி இராசேஸ்வரி காதோடு சொன்னதும், மார்க்கிரட் ஐயோ என்று தலையில் கை வைத்தாள்.

சேர்க்கைப் பாரத்தில் குடும்பத்தார் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒன்று இராசேஸ்வரி போட்டாள். இரண்டாவது இடம் காலியாகவே இருந்தது.

"அண்ணன் போடமாட்டாரா அக்கா?"

"மாட்டார்."

"அப்ப உங்க வீட்டுக்காரரு?"

இராசேஸ்வரி பாரத்தை மார்க்கிரட்டிடமே கொடுத்துவிட்டாள். எதிர்க்கட்சித் தலைவரிடமே ஓட்டுக் கேள் என்றால் எப்படி?

*

வீட்டுக்குள் வந்தால், யோகநாதன் பெரிய விழாவுக்கு நிற்கிறவர் போல நின்றார். வெள்ளைச் சட்டை, பிரிவுபசாரத்துக்குக் கட்டிய அதே டை, பளபளவென்று சப்பாத்து. கோப்பு மேசையின் நடுவில். பக்கத்தில் விருந்தாளிக்கு மூன்று வகை பிஸ்கட்டுத் தட்டு. காது ஓரம் முடி வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் இராசேஸ்வரிக்குத் தாங்கவில்லை. சொல்லாமல் விடுவது என்று பின்சந்தில் நடந்துவரும்போது எடுத்த முடிவு அங்கேயே ஆட்டம் கண்டது.

"இஞ்சேருங்கோ, பதினேழாம் வீட்டுக் கட்டத்தை ஒருக்காப் பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டார். பார்த்தார். நேற்று வரிகளை எண்ணினாரே தவிரப் பெயர்களைப் படிக்கவில்லை. இப்போது படித்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

இராசேஸ்வரி காத்திருந்தாள். மணி மூன்றே முக்கால். புதுத் தாள் இழுப்பறையில்தான் இருக்கிறது.

தாளில் விரலை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒன்பதாம் வீடு கோப்பை நாலு நாள் வைச்சிருந்திருக்கு. நேரம் எழுதேல்ல. இருபத்தோராம் வீடு தேதியே போடேல்ல. பதினெட்டு வீட்டில எல்லாக் கட்டமும் ஒழுங்கா நிரப்பினது இவை மட்டும்தான்."

வாசலில் கார் நின்றது. அவர் இழுப்பறையைத் திறக்கவே இல்லை. டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார்.

வந்தவர் முனிசிபல் அதிகாரி என்சே ஹம்சா, நல்ல பருமன், நல்ல சுபாவம். பிஸ்கட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. யோகநாதன் கோப்பை இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன்பே பிழையைத் தானே எடுத்துச் சொன்னார். நிமிர்ந்து நின்று, மலாயில், ஒவ்வொரு சொல்லாக. பதினேழாம் வீட்டில் உள்ளவர்களுக்குத் தாமாக எதுவும் செய்யத் தெரியாது என்று இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறேன், நான் சொன்னது தப்பு என்று அவர்கள் கையெழுத்தே காட்டுகிறது என்றார். இதை எழுதியவன் என்ற முறையில் என் பெயரை இதிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

என்சே ஹம்சா தாளைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். அந்தப் பெண்கள் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

நேற்று கோப்பைக் கொண்டுவந்த முப்பத்தைந்தாம் வீட்டுக்காரர், இது அடைத்துக்கிடக்கும் சாக்கடையைப் பற்றிய மனு என்று நினைத்து, எப்போது சுத்தம் செய்வார்கள் என்றுதான் தன்னிடம் கேட்டார் என்று யோகநாதன் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் இந்தத் தெருவில் யாருமே படிக்கவில்லை என்று சொல்லி என்சே ஹம்சா கோப்பை மூடினார். இதை எடுத்துப்போய் ஆபீசில் வைத்தால் என்னைத்தான் சிரிப்பார்கள், இந்த மனு செல்லாது, வேண்டுமானால் உங்கள் தலைவர் வீடு வீடாகப் போய் நேரில் கேட்டுப் புதிதாக எழுதிக் கொடுக்கட்டும், அதுவரை அந்த வீட்டை யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சமையற்கட்டுக் கதவு திறந்தது.

பூரணம் உள்ளே வந்தாள். புது வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டு, அக்காவைத் தேடிக்கொண்டு, பின்சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மார்க்கிரட் பாரமும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தாள், பிடிக்க முடியவில்லை. கூடத்தில் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் தங்கை என்று சொல்ல இராசேஸ்வரிக்கு ஒரு நொடி போதும். இருபத்தெட்டு வருடமாக வராத நொடி இப்போதும் வரவில்லை.

பூரணம் அவளைப் பார்க்கவே இல்லை. யோகநாதனைப் பார்த்தாள், முகம் முழுக்கச் சிரித்தாள், நேரே போய் அவர்முன் கையை நீட்டினாள்.

"டொபி அத்தான்," என்றாள். "டொபி எங்க?"

யோகநாதன் மிட்டாய் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். இல்லை. பிஸ்கட்டுத் தட்டை எடுத்து நீட்டினார். பிறகு அதிகாரியிடம் திரும்பி மலாயில், இவள் என் மனைவியின் தங்கை என்றார், அது தினமும் சொல்கிற விஷயம் போல.

அதிகாரி விடைபெற்றதோ, காரில் ஏறியதோ இராசேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. மார்க்கிரட் பூரணத்தோடு தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"கலியாணத்தண்டே தெரியும். பின்பக்கம் கை கழுவப் போனனான். யன்னலுக்குள்ள நிண்டு கை காட்டினா. நானும் காட்டினனான்." அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் டொபி கொண்டுபோய்க் குடுத்தனான். நீர் ஒருநாள் சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். நீர் சொல்லேல்ல. உமக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் கேக்கேல்ல."

இருபத்தெட்டு தீபாவளி. கிள்ளான் வீட்டில் அவர் ஏன் ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் போய்க் கை கழுவுகிறார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதோடு கோபமும் வந்தது. கோபம் வரவேண்டாமா?

"பூரணத்தைத் தெரிஞ்சுகொண்டே எப்படி அந்த மனுவை எழுதினீங்கள்?"

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதச் சொல்லிச்சினம், எழுதினன்," என்றார். "முப்பத்துமூண்டு வருசம் அதுதானே செய்தனான். ஆரைப் பற்றி எழுதுறன் எண்டு நான் நினைச்சுப் பார்க்கிறேல்ல. அது பிழை, இராசேஸ்."

அவளிடம் அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. மார்க்கிரட் பக்கம் கை நீட்டிப் பாரத்தை வாங்கி அவர்முன் வைத்தாள்.

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் படித்தார். அவ்வளவு நேரம் எடுத்துப் படித்ததில் மார்க்கிரட்டுக்கே பொறுமை போய்விட்டது. பிறகு இரண்டாவது இடத்தில் பெயரை எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஆங்கிலப் பாரம்தான், ஆனாலும் அவர் தமிழில் எழுதினார். அத்தான்.

வெளியே ஒரு கார் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. அதிகாரியின் கார் இல்லை. கதவை அறைந்து சாத்திய சத்தத்திலேயே யார் என்று இராசேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் கனகலிங்கம் கிள்ளானிலிருந்து வந்துவிட்டார். பூரணமும் தெரிந்துகொண்டாள். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

"பூரணத்தைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறார்," என்றாள் இராசேஸ்வரி.

யோகநாதன் எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் கை நீட்டிப் பூரணத்தை வெளியே கூட்டிவந்து, முன்கூடத்தின் நடுவில், வாசலுக்கு நேரே உட்காரவைத்தார்.

"ஒளிய வேண்டாம், பிள்ளை. நீ இஞ்ச இரு," என்று சொல்லிவிட்டு, அவரே போய்க் கேட்டைத் திறந்தார்.